பள்ளத்துப் பக்கம்

பாதையில் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. பாதைக்குப் பக்கத்தில் பார்த்தவர்கள்தான் கொழிஞ்சாம்பாறையில் அதிகம். வரப்புக்குக் கீழே சேற்றில் நிற்பார். வாய்க்கால் தண்ணீரில் முழங்கால் நனைய நிற்பார். வேலி முள்ளுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு, சந்தைக்குப் போகிற ஆட்டுக்கூட்டத்தின் கடைசிக் குட்டியும் கடந்து போகட்டும் என்று நிற்பார். எதிரே ஒரு நிழல் விழுந்தால் போதும், மனிதர் இறங்கிவிடுவார்.

எங்கள் பக்கத்து வரப்புகள் ஒற்றையாள் வரப்புகள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் சின்னவர் இறங்க வேண்டும். மாமனாருக்கு மருமகன், அண்ணனுக்குத் தம்பி, மச்சானுக்கு மச்சினன், புருஷனுக்குப் பெண்டாட்டி. இறங்குவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. மேட்டுப் பக்கம் ஏறி நிற்கக் கூடாது. பெரியவரின் தலைக்கு மேலே நின்றதாகிவிடும். பள்ளத்துப் பக்கம்தான் இறங்கி நிற்க வேண்டும். இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. நடை பழகும்போதே கால் பழகிக்கொள்கிறது. பாம்பைப் பார்த்தால் பின்னுக்குப் போகிற கால், பெரியவரைப் பார்த்தால் பள்ளத்துக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் யோசனை என்று ஒன்று இல்லை.

அவர் அந்த ஒழுங்கைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டவர். நிலம் உள்ள குடும்பம். பட்டாளத்துக்குப் போய்விட்டு வந்தவர். கிருதா நரைக்கத் தொடங்கிய வயது. அவருக்கு ஊரே இறங்க வேண்டும். அவரோ எல்லோருக்கும் இறங்கினார். புல்லுக்கட்டுச் சுமந்து வரும் பெண்களுக்கு, பனையேறிகளுக்கு, மூக்கு ஒழுகும் குழந்தைகளுக்கு, கன்றுக்குட்டிக்கு. தோட்டத்து வேலையாட்கள் முதலில் பயந்தார்கள்.

"சாமி, நீங்க எறங்கினா எங்களுக்குப் பாவமுங்க" என்று ஒரு கிழவர் வரப்பிலேயே நின்று கும்பிட்டார்.

"என்ற தலையில இருக்கட்டும் பாவம். நீ நட."

சொந்தக்காரர்கள் பயப்படவில்லை, கோபப்பட்டார்கள். "குடும்ப மானத்தையே வாய்க்கால்ல எறக்கறான்" என்று அவருடைய பெரியப்பா கடைவீதியில் வைத்துச் சொன்னார். பனையேறி ஒருவருக்கு மட்டும் வேறு சந்தேகம். மரத்தின் பாதி உயரத்திலிருந்து கேட்டார்:

"ஏனுங்க பட்டாளத்துக்காரரே, வழி உடறதுக்குத்தான் அங்க உங்களுக்குச் சம்பளம் குடுத்தாங்களாட்ட இருக்குது?"

"பின்ன? பென்சனும் அதுக்குத்தான்" என்றார் இவர், சேற்றில் நின்றபடி, ஒரு சிரிப்புக்கூட இல்லாமல். மேலே இருந்தவர் சிரித்த சிரிப்பில் கலயம் ஆடியது.

ஒரு கல்யாணத்து நாளில் இரண்டு கல்லூரிப் பையன்கள் பேசிவைத்துக்கொண்டு வரப்பின் இரு முனையிலிருந்தும் வந்தார்கள். புது வேட்டியோடு நடுவில் அகப்பட்டுக்கொண்டவர் முன்னும் பார்த்தார், பின்னும் பார்த்தார், வாய்க்காலில் இறங்கினார். வேட்டி தண்ணீரில் குடையாக விரிந்தது. பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். "போங்கப்பா, வெசையாப் போங்க, பஸ்ஸு போயிரும்" என்று அவர்களை அனுப்பிவைத்துவிட்டு, ஈர வேட்டியோடு போய் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. ஊரே அதை மறந்து 'ஓரத்தாரு' என்றுதான் சொன்னது. எழுபதுகளில் நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அவர் வீட்டின் முன் அறையில் வாடகைக்கு இருந்தேன். அவரை அண்ணா என்றும், அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். அவர்கள் இருவருக்கும் நான் டீச்சர்தான். அந்த வீட்டுக் கோழிக்குக்கூட நான் டீச்சர்தான் என்று அக்கா சொல்வாள். குழந்தை இல்லாத வீடு. காற்று நிறைய உள்ள வீடு. மார்கழி பிறந்துவிட்டால் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து காற்று புகுந்து, பனைகளைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கும். பகலெல்லாம் ஓலைச் சத்தம். யாரோ ஓயாமல் எதையோ கிழித்துக்கொண்டே இருப்பது போல. அந்தச் சத்தம் தொடங்கியதும் அவருக்குள் ஒரு பரபரப்பு வரும். மாட்டுக்கொட்டகைக்குப் போய் விட்டத்தில் செருகியிருக்கும் இரண்டு கட்டைகளை இறக்குவார்.

பனிச்சறுக்குக் கட்டைகள். ஆள் உயரத்துக்கும் மேலே நீளம், கை அகலம், முனை மட்டும் செருப்பு மூக்கைப் போல மேலே வளைந்திருக்கும். வடக்கே, காஷ்மீரத்து மலையில், இவற்றைக் காலில் கட்டிக்கொண்டு பனிமேல் வழுக்கிக்கொண்டே போவார்களாம். பட்டாளத்தில் கழித்துப் போட்டவை என்று கேட்டு வாங்கி வந்திருந்தார். மெழுகுவத்தியை உருக்கி அடியில் தேய்ப்பார். கொழிஞ்சாம்பாறை வெயிலில் மெழுகு நிற்குமா? மதியத்துக்குள் உருகி மாட்டின் முதுகில் சொட்டும். மறுநாள் மறுபடி தேய்ப்பார். எனக்கு அந்தக் கட்டைகளில் கண்ணை உறுத்திய விஷயம் வேறு. ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒரு சாணுக்கு மேல் வித்தியாசம். ஜோடி மாறிப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

மெழுகு தேய்க்கும்போது மட்டும் அவர் பேசுவார். அந்தப் பேச்சில் எங்கள் வறண்ட பூமியின்மேல் பனி விழும்.

"அங்க குளுருகாலம்னா நோம்பியாட்டங்க டீச்சர். ஞாயித்துக்கெழமையானா டில்லி, பம்பாயில இருந்தெல்லாம் சனம் வந்துரும். பொம்பளைங்க, கொளந்தைங்க, அல்லாரும் காலுல கட்டையக் கட்டிக்கிட்டு உளுந்து உளுந்து எந்திரிப்பாங்க. மூக்கெல்லாம் செவசெவன்னு இருக்கும். நாங்க உளுவுற ரகமில்லீங்க. எங்குளுது தடம் போடற வேலை. புதுசாப் பனி உளுந்த காலம்பற, மொதல்ல ஒராளு போகோணும். ரெண்டு காலும் ரெண்டு கோடு போடும். நம்மூரு வண்டித் தடம் இருக்குதல்லங்க, அதேதான். அந்தக் கோட்டுலயே காலை வெச்சுப் பொறவால வர்றவங்க வருவாங்க. காட்டுக்குள்ள தேவதாரு மரம். அதுக்கு நடுவுல தடம் போகும். சத்தமே இருக்காது. கட்டை வளுக்கற சத்தம் மட்டுந்தான், பாலு கறக்கறாப்புல, சர், சர்ருனு. அப்பிடியே போனா மலையச் சுத்திக்கிட்டு ஒரு வளைவு வருமுங்க..."

அந்த வளைவு வந்ததும் எழுந்துவிடுவார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவார். மாடு அப்போதுதான் குடித்துவிட்டுப் படுத்திருக்கும். ஒவ்வொரு மார்கழியிலும் அந்தக் கதை தேவதாருக் காட்டுக்குள் அழகாக வழுக்கிக்கொண்டு போகும்; ஒவ்வொரு மார்கழியிலும் அந்த வளைவில் நின்றுவிடும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நானும் பார்த்ததில்லை, அக்காவும் பார்த்ததில்லை.

அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தான். அப்பா இல்லாத வீட்டில் அவள் தூக்கி வளர்த்தவன். விடுமுறைக்கு வந்த இவர்தான் அவனைப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டுக் கூடவே கூட்டிப் போனார். பயிற்சி முடிந்து இவர் இருந்த மலைக்கே வந்து சேர்ந்தான். அவன் பார்த்த முதல் பனிக்காலமே கடைசிப் பனிக்காலம். தந்தி வந்தது. அடுத்த வருடம் இவர் வேலையை விட்டுவிட்டு இந்தக் கட்டைகளோடு வந்தார். மாமியார் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான் சொன்னார்: "பனி எடுத்துக்கிச்சுங்க அத்தை." அந்த அம்மா சாகும்வரை அந்த ஒரு வரியைத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கும் அதே வரிதான்.

"பனி எப்படிங்க டீச்சர் ஆளை எடுக்கும்?" என்று என்னிடம் கேட்பாள். "நானும் மார்களி மாசம் வாசல்ல கோலம் போடறேன். தலைல ஈரமாவுது. துண்டக் கட்டிக்கறேன். அவ்வளவுதான். அது போயி என்ற தம்பிய எப்படி எடுக்கும்?"

நான் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். மலை, உறைதல், சரிவு. அவள் தலையாட்டினாள். நம்பவில்லை.

அவருக்குக் கோபம் வந்து நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். அக்காவின் சித்தப்பா மகளைக் கொல்லங்கோட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புது மாப்பிள்ளையும் பெண்ணும் விருந்துக்கு வந்தார்கள். தோட்டத்துக் கிணற்றைச் சுற்றிப் போகும் வரப்பில் மாப்பிள்ளை வர, எதிரே இவர். மரியாதை தெரிந்த பிள்ளை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "வாங்க" என்று சிரித்துக் கிணற்றுப் பக்கமாகக் காலை இறக்கினான்.

"எறங்காதடா! நில்லு! அங்கயே நில்லு!"

அந்தக் குரல் அவருடையது என்று நம்ப எனக்கு நேரமாயிற்று. ஓடிப்போய் அவனுடைய இரண்டு தோளையும் பிடித்து வரப்பின்மேல் தூக்கி நிறுத்தினார். நிறுத்திவிட்டும் கையை எடுக்கவில்லை. அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். "என்ன தப்புப் பண்ணிட்டேனுங்க?" என்று மாப்பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்டான். அவர் அவன் கையிலிருந்து விழுந்த செருப்பை எடுத்து அவன் காலடியில் வைத்தார். விருந்துக்கு உட்காரவில்லை.

"பனிக்குப் போயிட்டு வந்ததுல இருந்து இப்படித்தான் டீச்சர்" என்றாள் அக்கா, குழம்புக் கரண்டியோடு நின்று. "அங்க என்னத்தப் பாத்தாரோ, இங்க கால் வெக்க எடமில்லாமத் திரியறாரு."

பொங்கல் முடிந்த கையோடு அவர் மலைக்குப் போவார். இடுக்கி எல்லையில், மறையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பட்டாளத்தில் உடனிருந்த ஒருவர் அங்கே கங்காணி. தை மாதத்தில் அங்கே புல்மேட்டில் உறைபனி விழும். பொள்ளாச்சி, உடுமலை என்று பஸ் மாறி, கட்டைகளைப் பஸ்ஸின் தலையில் கட்டி, தெருவில் ஆசைப்பட்ட நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு போவார். போனவர்கள் திரும்பி வந்து கதை கதையாகச் சொல்வார்கள். அக்கா மட்டும் போனதே இல்லை. அவள் அம்மா இறந்த வருடம், பொங்கலன்று பானையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"நானும் வர்றனுங்க. அது எப்படித்தான் இருக்கும்னு ஒருக்காப் பாத்துப்போடறேன்."

அவர் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். அரிவாள் நின்றது. "குளுருமே" என்றார். "குளுரட்டும்" என்றாள். என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டாள்.

மலையில் விடிவதற்குள் எழுப்பிவிட்டார்கள். வெளிச்சம் இன்னும் முழுதாக வரவில்லை. கங்காணியின் வீட்டுக்கு மேலே ஏறி, தேயிலை முடிகிற இடத்தில் நின்றோம். அதற்கு மேலே புல்மேடு. அது வெள்ளையாக இருந்தது. நான் நினைத்திருந்த வெள்ளை இல்லை. ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக வெள்ளை. யாரோ பொறுமையாக, ஒன்றையும் விடாமல் சுண்ணாம்பு தடவியது போல. மூச்சு விட்டால் மூச்சு தெரிந்தது. எனக்கு அழவேண்டும் போலவும் ஓடவேண்டும் போலவும் இருந்தது. அக்கா அவருடைய பழைய பட்டாளக் கோட்டைச் சேலைமேல் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். செருப்பிலிருந்து ஒரு காலை எடுத்துக் கட்டைவிரலால் புல்லை அழுத்தினாள். வெள்ளை நொறுங்கிப் பச்சை வந்தது.

"இதா?" என்றாள். "இந்த உப்பா?"

அவர் கேட்டும் கேட்காதவராகக் குனிந்து கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டிருந்தார். நீளக்கட்டை வலது காலில், குட்டை இடது காலில்.

பிறகு அவர் போனார். அதை நடை என்றும் சொல்ல முடியாது, ஓட்டம் என்றும் சொல்ல முடியாது. ஒரு கால் வழுக்க, மறு கால் அதைத் துரத்த, இரண்டு கையிலும் மூங்கில் கழி மாறி மாறி ஊன்ற, ஊரில் சேற்றிலும் முள்ளிலும் ஒடுங்கி நின்ற மனிதர் அங்கே நிமிர்ந்து போனார். அவருக்குப் பின்னால் வெள்ளையில் இரண்டு பச்சைக் கோடுகள் பிறந்துகொண்டே போயின. மேட்டை முழுதாகச் சுற்றி, புறப்பட்ட பாறைக்கே வந்து சேர்ந்தார். வட்டத் தடம். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக் குழந்தைகள் தேயிலைப் பெட்டியின் பலகைகளோடு காத்திருந்தார்கள். உட்கார்ந்து சறுக்க அவர்களுக்கு அதுதான் வண்டி.

"அல்லாரும் இந்தக் கைப் பக்கமாத்தான் போகோணும்" என்று இடது கையைக் காட்டினார். "ஆரும் எதுக்க வரக்கூடாது. ஒரே பக்கமாப் போயி ஒரே பக்கமா வரோணும்."

"வருசா வருசம் இதே பாட்டு" என்றார் கங்காணி. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "செக்குமாட்டைக் கட்டுன மாதிரில்லா சுத்த விடுதீரு! புள்ளைய அங்கனயும் இங்கனயும் ஓடட்டுமேவே."

"செக்குன்னா செக்கு. எதுக்க மட்டும் வரக்கூடாது."

அவர் இரண்டாவது சுற்று போனார். கங்காணியின் மனைவி சுடச்சுடக் காப்பி கொண்டுவந்தாள். வெயில் வந்துவிட்டால் பனி போய்விடும், அதுவரை மனிதர் கட்டையைக் கழற்ற மாட்டார், காப்பியும் குடிக்க மாட்டார் என்றாள். அக்கா ஒரு லோட்டாவை வாங்கிக்கொண்டு தடத்தில் இறங்கினாள். அவர் மேட்டின் அந்தப் பக்கம் இருந்தார். எதிர்ப்பக்கமாகப் போனால் தூரம் குறைவு.

"அக்கா, அந்தப் பக்கமாப் போகக்கூடாதுன்னாரே" என்றேன்.

"எங்கூட்டுக்காரருக்குக் காப்பி கொண்டுபோவ வளி கேக்கோணுமாக்கும்!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்படி ஒரு சிரிப்பை அதற்குப் பிறகு அவளிடம் நான் பார்க்கவில்லை.

நான் அவளுக்குப் பின்னால் நடந்தேன். தடம் மேட்டின் விலாவைச் சுற்றி வளைகிற இடம். ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் சரிவு. சரிவென்றால் பெரிய சரிவில்லை. குழந்தைகள் பலகையில் சறுக்குகிற சரிவுதான், கீழே தேயிலை. வளைவின் அந்தப் பக்கத்திலிருந்து சர், சர்ரென்று சத்தம் வந்தது. அவர் தெரிந்தார். வேகமாக வந்துகொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்தாள். லோட்டாவை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டாள். சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து எத்தனையோ வரப்பில் செய்ததைச் செய்தாள். புருஷனுக்கு வழிவிட்டுப் பள்ளத்துப் பக்கம் இறங்கினாள்.

"எறங்காத!"

கட்டைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. முழங்கால் மடங்கி விழுந்தார். விழுந்தவர் எழவில்லை, கட்டைகளை இழுத்துக்கொண்டே தவழ்ந்து வந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். காப்பி கொட்டிற்று. கொட்டிய இடத்தில் பனி உருகி ஒரு பச்சை வட்டம் தெரிந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கணுக்கால் வரை புல்லில் நின்றுகொண்டிருந்தாள். அவருக்குத்தான் பற்கள் அடித்துக்கொண்டன.

"என்னங்க இது? நானென்ன கெணத்துலயா உளுந்தேன்?"

"இவ தம்பியும் இப்படித்தான் எறங்கினான்" என்றார்.

காற்றில்லை. கீழே லயத்துக் குழந்தைகளின் கூச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார். அவளிடம் நேராகச் சொல்ல அவரால் முடியவில்லை.

"டூட்டி இல்லீங்க டீச்சர். ஞாயித்துக்கெழமை. வெளையாடத்தான் போனோம். அவனுக்கு அது அப்பிடிப் புடிச்சுப்போச்சு. நாந்தான் தடம் போட்டுக்கிட்டு முன்னால போனேன். ஆளக் காணமேன்னு திரும்பி வந்தேன், அதே தடத்துல. வளைவு. ஒரு பக்கம் மலை. இன்னொரு பக்கம் பனி விளிம்பு கட்டி நிக்கும். பாத்தாத் தரையாட்டவே இருக்கும். அடியில ஒண்ணுமிருக்காது. எதுக்க வந்தான். என்னையப் பாத்துச் சிரிச்சான். 'வாங்க மச்சா'ன்னான். நின்னிருந்தாப் போதும். நாஞ் சொல்றதுக்குள்ள... மரியாதையா எறங்கிட்டான்."

அக்கா லோட்டாவைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்:

"பள்ளத்துப் பக்கமா?"

"ஆமா."

"மேட்டுப் பக்கமா ஏறி நின்னிருந்தா?"

அவர் மேட்டுப் பக்கத்தைப் பார்த்தார்.

அவள் அந்தப் பனிப்புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோட்டின் நுனி நனைந்தது. "பொள்ளாச்சியில பஸ் ஏத்தி உட்டப்ப" என்று தொடங்கினாள். "நாந்தான் சொல்லித் தாட்டி உட்டேன். ஊருலயாட்டம் வெளையாட்டுப் புள்ளையா இருக்காத சாமி. மச்சானுக்கு மரியாதை குடு. எதுக்க வந்தா எறங்கி நில்லு. அக்கா பேரக் கெடுத்துப்போடாதன்னு."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பக்கத்துச் சீட்டுல நாந்தானே உக்காந்திருந்தேன்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அத்தனை வருடமும் பனி என்ற ஒரு சொல்லுக்குள் எதை மூடி வைத்திருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அப்போதுதான் எனக்கும். அவர் தன் தலையில் போட்டுக்கொண்டு நடந்தது அவருடைய பங்கு மட்டுமல்ல.

"அதுக்குத்தான் சொல்லலைங்களா?"

அவர் தலையை ஆட்டினார். பற்கள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தன. அவள் கோட்டைக் கழற்றி அவர்மேல் போட்டாள். பிறகு குனிந்து அவர் இடது காலில் இருந்த வாரை அவிழ்த்தாள். குளிரில் விரல் மரத்துப் போயிருந்தும் பொறுமையாக அவிழ்த்தாள். குட்டைக் கட்டையைக் கையில் எடுத்தாள்.

"இது அவனோடதா?"

"அன்னிக்கி இது ஒண்ணுதான் மேல கெடச்சுது. பனி உருகினதுக்கப்பறந்தான் ஆளைக் கண்டெடுத்தோம். என்னோடதுல ஒண்ண அவங்கூட வெச்சுட்டு வந்துட்டேன்."

மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெயில் எட்டிப் பார்த்தது. அது புல்மேட்டில் இறங்கி வர வர வெள்ளை பின்வாங்கிக்கொண்டே போயிற்று. எங்கள் கண்முன்னால் மேடு முழுவதும் பச்சையாயிற்று. அவர் போட்ட இரண்டு கோடுகளும் பச்சையோடு பச்சையாகக் கலந்து காணாமல் போயின. தடம் அழிந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. சுற்றியிருந்ததெல்லாம் தடத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது.

திரும்பி வரும்போது நீளக்கட்டை மட்டும் பஸ்ஸின் தலையில் வந்தது. குட்டையை அவள் தரவில்லை. மறையூரிலிருந்து உடுமலை வரை, உடுமலையிலிருந்து பொள்ளாச்சி வரை, அதை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏறியவர்களும் இறங்கியவர்களும் அதில் இடித்துக்கொண்டு திட்டினார்கள். "கொஞ்சம் பாத்துப் போங்க சாமி" என்று மட்டும் சொன்னாள். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றபோது ஜன்னலுக்கு வெளியே ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்துச் சீட்டில் இருந்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை வரும் என்று நான் பயந்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஒரு சொல்லும் குற்றமாகச் சொல்லவில்லை. அவரும் தேறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் வலியை ஒருவர் தொட்டுவிடக் கூடாது என்று இருவரும் வீட்டுக்குள்ளேயே விலகி விலகி நடந்தார்கள். சமையலறை வாசலில் எதிர்ப்பட்டால் இருவருமே பின்னுக்குப் போனார்கள். சோறு ஆறிப் போனது. கட்டைகள் விட்டத்துக்குப் போகவில்லை; சுவரோரம், ஜோடி சேராத ஜோடியாகச் சாய்ந்து நின்றன.

அந்தப் பங்குனியில் எனக்கு மாற்றல் வந்தது. முதல் பஸ்ஸைப் பிடிக்கக் காலையில் தகரப் பெட்டியோடு தோட்டத்துக் குறுக்கு வழியாக நடந்தேன். கடைசித் தண்ணீர் பாய்ந்த வயல்கள். எனக்கு முன்னால் வரப்பில் அக்கா புல்லுக்கட்டோடு போய்க்கொண்டிருந்தாள். எதிரே அவர் மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தார். பழக்கப்படி அவர் முதலில் இறங்கினார், இடது பக்கத்து வயலில். அவள் போகட்டும் என்று நின்றார்.

அவள் போகவில்லை. அவளும் இறங்கினாள். வலது பக்கத்து வயலில்.

"நீ போ புள்ள" என்றார்.

"நீங்க போங்க."

"உன்ற தலையில சுமை இருக்குது."

"இருக்கட்டுமுங்க."

இருவரும் கணுக்கால் சேற்றில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். நடுவில் வரப்பு வெறுமையாகக் கிடந்தது. அது ஈரமாக, அன்று மட்டும் அகலமானது போல, எவரும் மிதிக்காமல் இருந்தது. நான் எப்படிக் கடப்பது என்று தெரியாமல் நின்றேன். நானும் இறங்கப் போனேன்.

"எறங்காதீங்க டீச்சர்!" இரண்டு குரலும் ஒன்றாக வந்தது.

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அவர்களுக்கு நடுவே நடந்தேன். ஒரு பக்கம் புல்லின் வாசனை, ஒரு பக்கம் மண்ணின் வாசனை. போய் வருகிறேன் என்று சொன்னேனா என்று நினைவில்லை. சாலைமேட்டில் ஏறியதும் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் இன்னும் வரப்பில் ஏறவில்லை. எனக்குப் பின்னால் இன்னும் ஒருவர் வரவேண்டியிருப்பது போல, நான் வந்த திசையையே பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றார்கள்.